முப்பதாம் நாள் அவர் எப்படி இருக்கிறார்?

தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

உங்கள் மாவட்டத்து அரசுத் தலைமை மருத்துவமனை மாதாமாதம் என்ன செய்தது என்ற கணக்கு உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. புறநோயாளிகள் இத்தனை ஆயிரம், உள்நோயாளிகள் இத்தனை நூறு, பிரசவம் இத்தனை, அதில் சிசேரியன் இத்தனை, பெரிய அறுவைச் சிகிச்சை, சிறிய அறுவைச் சிகிச்சை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டுத் திட்டத்தில் ஈட்டிய தொகை. போன மாதத்தைவிட எது கூடியது, எது குறைந்தது என்று ஆய்வுக் கூட்டத்தில் பார்க்கிறீர்கள்; குறைந்ததற்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் விளக்கம் சொல்கிறார்; அடுத்த துறைக்குப் போய்விடுகிறீர்கள். அந்தத் தாளில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சிகிச்சை பெற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? நெஞ்சுவலியோடு வந்தவர் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருக்கிறாரா, பாம்பு கடித்து வந்தவரின் சிறுநீரகம் தப்பியதா, தலையில் அடிபட்டு வந்த இளைஞர் எழுந்து நடக்கிறாரா என்று உங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் மொத்தமாக ஒரு பதில் கிடைக்காது. யாரும் மறைக்கவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதை எழுதி வைக்கச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மாவட்ட மருத்துவமனைகளை நம் நாட்டில் அளக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அளக்கிறோம், அளவுகோல்தான் நோயாளி வரைக்கும் போய்ச் சேருவதில்லை. நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டை உங்களில் பலர் புரட்டியிருப்பீர்கள். 2017-18ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு 707 மாவட்ட மருத்துவமனைகளைப் பத்து அளவீடுகளால் எடைபோட்ட அறிக்கை அது. லட்சம் பேருக்கு எத்தனை படுக்கை என்பது முதல் அளவீடு. தேசிய சராசரி 24, புதுச்சேரியில் 222, பீகாரில் 6. பிறகு, மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, துணைச் சேவைகள் உண்டா, அடிப்படைச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டா, பரிசோதனை வசதி உண்டா, படுக்கைகள் எவ்வளவு நிரம்பின, சிசேரியன் விகிதம் என்ன, ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் எத்தனை அறுவை செய்தார், ஒரு மருத்துவர் எத்தனை புறநோயாளிகளைப் பார்த்தார், ரத்த வங்கியில் மாற்று ரத்தம் எவ்வளவு. பத்தும் முடிந்தது. பத்தில் ஒன்றுகூட, வந்தவர் பிழைத்தாரா என்று கேட்கவில்லை.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. இந்த அளவீடுகளில் சில, கெட்டதையும் நல்லதாகக் காட்டிவிடும். சிசேரியன் தையலில் சீழ் பிடித்து ஒரு தாய் வீடு போக முடியாமல் கூடுதலாக ஒரு வாரம் படுத்திருந்தால், படுக்கை நிரம்பிய விகிதம் உயரும். புறநோயாளிப் பிரிவு காலை ஏழரை முதல் பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலரை மணி நேரத்தில் ஒரு மருத்துவர் 135 பேரைப் பார்த்தால் ஆளுக்கு இரண்டே நிமிடம். பெயரைக் கேட்டு, சீட்டை வாங்கி, மாத்திரை எழுதவே அது சரியாக இருக்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க நேரம் ஏது? ஆனாலும் அளவீட்டின் கணக்கில் அவர், 60 பேரை உட்கார வைத்துப் பார்த்த மருத்துவரைவிட இரு மடங்குக்கு மேல் வேலை செய்தவர். மருத்துவமனைத் தூய்மைக்கான காயகல்ப் விருதையும் தேசியத் தர உறுதிச் சான்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கழிப்பறை சுத்தமும் குப்பை பிரிப்பும் தொற்றைத் தடுக்கிற காரியங்கள். தர உறுதிச் சான்றின் எட்டுப் பிரிவுகளில் கடைசிப் பிரிவு விளைவுகளைப் பற்றியதே. ஆனால் அதுவும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. 70 விழுக்காடு மதிப்பெண் எடுத்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய மருத்துவமனை, தன்னிடம் வந்த மாரடைப்பு நோயாளிகளில் எத்தனை பேர் மாத முடிவில் இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே அந்தச் சான்றை வாங்கியிருக்க முடியும்.

செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால் விளைவும் தானே சரியாக வந்துவிடும், அதைத் தனியாக ஏன் அளக்க வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை உத்தரப்பிரதேசத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுத்து, பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்கு மாதக் கணக்கில் பயிற்சியாளர்களை அனுப்பி, 120 அரசு மருத்துவ நிலையங்களில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. முடிவு 2017இல் வெளியானது. பயிற்சி பெற்ற இடங்களில், செய்ய வேண்டிய காரியங்களில் 73 விழுக்காட்டைச் செய்தார்கள்; பயிற்சி இல்லாத இடங்களில் 42 விழுக்காடு. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது மாபெரும் வெற்றி. ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஏழு நாட்களுக்குள் தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆனது என்று தேடிப் போய்க் கேட்டார்கள். இறப்பிலும் கடும் பாதிப்பிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கை கழுவுவது கூடியது, சாவு குறையவில்லை. இப்படி ஒன்றை அறிந்த பிறகாவது, செய்முறையை மட்டும் எண்ணிவிட்டு விளைவை ஊகித்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டாமா?

இதற்கு நேர்மாறான பாடம் நம் மாநிலத்திலேயே கிடைத்தது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் மாரடைப்புச் சிகிச்சைக்காக ஒரு முயற்சி நடந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளை மையமாக வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் அவற்றோடு இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, தேவைப்படுவோரை உடனே மையத்துக்கு அனுப்புவது ஏற்பாடு. 2,420 நோயாளிகளின் கணக்கு 2017இல் வெளிவந்தது. மருத்துவமனைக்குள் இறந்தவர்கள் முன்பு 5.8 விழுக்காடு, பின்பு 5.6 விழுக்காடு, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதோ இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு கணக்கை மூடியிருந்தால் அந்த மூன்று உயிர்களும் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டா. பணம் வீண் என்று சொல்லித் திட்டத்தையே மூடியிருப்போம். கென்யாவில் கிலிஃபி மாவட்ட மருத்துவமனையில் இதையே மறுபக்கத்திலிருந்து கண்டார்கள். அந்த மருத்துவமனையின் பதிவேடும் சுற்றுவட்டார ஊர்களின் பிறப்பு, இறப்புக் கணக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் அடுத்த ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு, மருத்துவமனைக்கே வராத அதே பகுதிக் குழந்தைகளைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு என்று 2011இல் தெரிய வந்தது. டிஸ்சார்ஜ் செய்வதையே குணமானதாக எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்த ஒரு கணக்கு போதும், கலைத்துப் போட.

இனி உங்கள் மருத்துவமனையின் கேஸ் ஷீட் ஒன்றை வரவழைத்துப் பாருங்கள். வெளியேறிய விதம் என்ற இடத்தில் ஐந்தில் ஒன்றைக் குறிப்பார்கள்: டிஸ்சார்ஜ், ரெஃபர், லாமா, அப்ஸ்காண்ட் (சொல்லாமல் போனவர்), இறப்பு. இந்த ஐந்தில் இறப்பு மட்டுமே மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் ஏறும். லாமா என்பது மருத்துவர் சொல்வதை மீறி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர். பிழைப்பது கடினம் என்று தெரிந்ததும், உயிர் வீட்டில் போகட்டும் என்று பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போகிற குடும்பங்கள் இதில் அடங்கும். செலவுக்குப் பயந்து போகிறவர்களும் அடங்குவர். ரெஃபர் என்றால் இன்னும் வசதி. 'ரெஃபர்டு டு ஹையர் சென்டர் ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட்' என்று ஒரே வரியில் எழுதி, மருத்துவக் கல்லூரிக்கு 108 ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டால் இங்கே கணக்கு முடிந்தது. வழியில் இறந்தால் அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. மருத்துவக் கல்லூரியில் போய் இறந்தால், கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ரெஃபர் செய்தது சரியான முடிவா, இரண்டு மணி நேரம் முன்பே செய்திருக்க வேண்டுமா, அனுப்பாமல் இங்கேயே பார்த்திருக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை அங்கிருந்து திரும்பி வருவதில்லை. ஆகவே இறப்பு விகிதம் குறைவாக உள்ள மருத்துவமனை நன்றாக வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையாகவும் இருக்கலாம்; முடியாதவர்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிடும் மருத்துவமனையாகவும் இருக்கலாம். இப்போது உங்களிடம் வரும் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்த மாவட்டங்களில் பழைய தலைமை மருத்துவமனை கல்லூரியின் கைக்குப் போக, தலைமை மருத்துவமனை என்ற பெயர் வட்ட மருத்துவமனைகளுக்கு வந்தது. பெயர்ப்பலகை உயர்ந்த இடங்களில் வைத்தியமும் உயர்ந்ததா, அல்லது ரெஃபர்தான் கூடியதா என்பதை அறிய இதைவிட நல்ல தருணம் கிடையாது.

இதை ஏன் சுகாதாரத் துறைச் செயலாளருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று நினைக்கலாம். நான் கேட்கும் காரியத்தை, ஒரே ஒரு வகை நோயாளிக்கு, நீங்கள் ஏற்கெனவே செய்து வருகிறீர்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது உங்கள் முன்னால் வருகிறது. எந்த ஊர், எத்தனை மணிக்கு வலி வந்தது, வண்டி எப்போது வந்தது, முதலில் போன இடத்தில் யார் பார்த்தார்கள், ரத்தம் கிடைத்ததா, எங்கே தாமதம் என்று நிமிடக் கணக்கில் விசாரிக்கிறீர்கள். வீட்டில் இறந்தாலும், வழியில் இறந்தாலும், தனியார் மருத்துவமனையில் இறந்தாலும், பிரசவமாகி 42 நாட்களுக்குள் என்றால் அந்தச் சாவு கணக்கில் உண்டு. மகப்பேறு இறப்பு ஆய்வை 1994இலேயே தொடங்கிய மாநிலம் இது. 2004-06இல் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 54க்கு வந்தது. அதே காலத்தில் இந்திய சராசரி 254லிருந்து 97க்கு வந்தது. ஆய்வுக் கூட்டம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொன்னால் மிகையாகும். அவசர மகப்பேற்றுச் சிகிச்சை தரும் சீமாங் மையங்கள், இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 வண்டிகள், கிராம சுகாதார செவிலியர்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆனால் மையத்தை எங்கே வைப்பது, ரத்தத்தை எங்கே சேமிப்பது, இரவில் மயக்க மருந்து நிபுணர் எங்கே இல்லை என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு சாவையும் யாராவது படித்தாக வேண்டும். அந்தப் படிப்பு தாய்மார்களோடு ஏன் நிற்க வேண்டும்? பாம்புக்கடியில் இறந்த விவசாயக் கூலியின் சாவுக்கும் அதே கேள்விகள் பொருந்தாதா?

இங்கே மருத்துவர்களின் மனக்குறையை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. மகப்பேறு இறப்பு ஆய்வு பல நேரங்களில் குற்ற விசாரணையாகிவிடுகிறது, எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்து அவமானப்படுத்துகிறார்கள் என்பது அரசு மருத்துவர்களின் நெடுநாள் புகார். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து எழுதப்படும் கேஸ் ஷீட்டில் உண்மை இருக்காது. ரத்த அழுத்தம் பார்க்கப்படாத மணிகளிலும் 120/80 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். எனவே இந்த ஆய்வை மற்ற நோயாளிகளுக்கும் விரிவாக்கும்போது தொனியை மாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. கூட்டத்துக்கு வரும் தாளில் மருத்துவரின் பெயரும் நோயாளியின் பெயரும் இருக்கக் கூடாது. மெமோ கொடுப்பதற்கு வேறு நடைமுறை இருக்கிறது. அதை இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். பிழையைத் தானே வெளியே சொன்னவருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பாஸ்டன் நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நோயாளியை அனுப்பிவிட்டு ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்காத மருத்துவமனை எப்படித் தன்னை நல்ல மருத்துவமனை என்று சொல்லிக்கொள்ளும் என்று கேட்டவர். தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளின் விவரத்தை, 123 பிழைகளோடு சேர்த்து, அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். அவரவர் பிழையை அவரவரே சொல்லும் துணிச்சலை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. சொன்னால் ஆபத்தில்லை என்ற நிலையை உண்டாக்க அதிகாரம் உள்ளவரால் முடியும்.

முடியாத நோயாளிகளை அதிகமாக எடுத்துக்கொள்ளும் மருத்துவமனை மோசமாகத் தெரியுமே என்பது அடுத்த ஆட்சேபம். இதுதான் ஆட்சேபங்களில் வலுவானதும்கூட. 1990களில் நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் அறுவையில் மருத்துவர்வாரியாக இறப்பு விகிதத்தை வெளியிட்டது. கணக்கு கெட்டுவிடும் என்று மிகவும் நலிந்த நோயாளிகளை அறுவைக்கு எடுக்கவே மருத்துவர்கள் தயங்கினார்கள் என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொல்லின. ஆகவே நான் தரவரிசை கேட்கவில்லை. எல்லா மாவட்ட மருத்துவமனைகளையும் முதலிடம், கடைசி இடம் என்று அடுக்கிப் பத்திரிகைக்குக் கொடுத்தால், அடுத்த மாதமே ரெஃபர் கூடும். ஒரு மருத்துவமனையை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். வந்து சேரும்போது சுயநினைவு இருந்ததா, ரத்த அழுத்தம் எவ்வளவு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, வலி வந்து எத்தனை மணி நேரம் ஆனது என்ற நான்கை மட்டும் வாசலிலேயே குறித்துவிட்டால், முடியாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். ரெஃபர் செய்யப்பட்டவரின் முப்பதாம் நாள் நிலையையும் அனுப்பிய மருத்துவமனையின் கணக்கிலேயே வைத்துவிட்டால், ஏற்றி அனுப்பித் தப்பிக்கும் வழியும் அடைபடும். ஒரு மாவட்டத்தில் ஒரு நோய்க்கு ஆண்டுக்குச் சில சாவுகளே நடக்கும்போது விழுக்காடு அர்த்தமில்லாமல் ஆடும் என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மெய்தான். அப்படிப்பட்ட இடத்தில் விழுக்காட்டை விட்டுவிட்டு, சாவுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

வேலைப் பளு பற்றிக் கேட்டால், இன்னொரு பதிவேட்டை மருத்துவர் தலையிலோ செவிலியர் தலையிலோ கட்டுவதற்கு நானும் எதிரிதான். வார்டு செவிலியர்கள் ஏற்கெனவே நோயாளியைப் பார்ப்பதைவிட ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் அதிகம் என்று புலம்புகிறார்கள். கென்யாவில் 2013 முதல் மாவட்ட நிலை மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளை ஒரே தரவு வலையில் இணைத்தபோது, மருத்துவர்களுக்குப் புதிய ரிஜிஸ்டர் எதையும் கொடுக்கவில்லை. குழந்தையைச் சேர்க்கும்போது எழுதும் தாளையே ஒழுங்கான படிவமாக்கினார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு அதைக் கணினியில் ஏற்ற ஓர் எழுத்தரை வைத்தார்கள். நம்மிடம் அதைவிட அதிகமே இருக்கிறது. 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி என்ற பதிவு எண் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர் எப்படி இருக்கிறார் என்று அந்தத் தெருவுக்குப் போகிறவர் கேட்டுச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. நாட்டுக்கே முன்மாதிரி என்று அதை நானும் சொல்வேன். பயனடைந்தோர் எத்தனை பேர் என்று அறிவிக்கிறோம்; 49ஆம் மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்து அறிவித்தால்தானே அந்தப் பெருமை முழுமையாகும்? பாம்புக்கடியை 2024 நவம்பரில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அரசு ஆக்கிவிட்டது. கடிபட்டவர் எண்ணிக்கை இனி வரும். டயாலிசிஸுக்குப் போனவர், விரலோ காலோ இழந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

நோயாளி பிழைப்பது மருத்துவமனை கையில் மட்டும் இல்லை என்று இணை இயக்குநர் உங்களிடம் சொல்வார். சாலை மோசம், வண்டி வரத் தாமதம், மந்திரிக்கப் போய் நேரத்தை விட்டுவிட்டார்கள், பெட்டிக்கடை மாத்திரையில் மூன்று நாள் ஓட்டினார்கள், வீட்டுக்குப் போனபின் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்பார். அவர் சொல்வது முழுக்கச் சரி. இந்தக் கணக்கு மருத்துவமனைக்குள் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் மேசைக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமே அதுதான். சாலையும், ஊராட்சியும், காவல்துறையும், வருவாய்த் துறையும் மாவட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வருவது உங்கள் அலுவலகத்தில்தான். மலைக்கிராமத்திலிருந்து வந்த பாம்புக்கடிகள் மட்டும் தொடர்ந்து தாமதமாக வருகின்றன என்றால், அதற்கு மருந்து மருத்துவக் கண்காணிப்பாளரிடம் இல்லை. விஷமுறிவு மருந்தைக் கீழே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கவும், வண்டி நிற்கும் இடத்தை மாற்றவும் ஆணையிடக் கூடியவர் நீங்கள்.

ஆகவே கேட்கிறேன். மாரடைப்பு, பாம்புக்கடியும் விஷமும், தலைக்காயம், பச்சிளம் குழந்தையின் கடும் நோய், சிசேரியன் ஆகிய ஐந்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றோடு உங்கள் தலைமை மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொருவரும், டிஸ்சார்ஜ் ஆனாலும், ரெஃபர் ஆனாலும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாலும், முப்பதாம் நாள் எப்படி இருக்கிறார் என்பதை மருத்துவமனை கேட்டு எழுதட்டும். மருத்துவக் கல்லூரியிலிருந்து ரெஃபர் சீட்டுக்கு ஒரு பதில் சீட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். மகப்பேறு இறப்புக் கூட்டம் நடக்கும் அதே நாளில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பெயர் எதுவும் இல்லாமல், நல்ல தமிழில், மருத்துவமனை வாசலில் அந்தக் கணக்கை ஒட்டுங்கள். கிராம சபையிலும் படிக்கச் சொல்லுங்கள். இதற்குச் சென்னையிலிருந்து அரசாணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. போன மாதம் மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் உங்கள் தலைமை மருத்துவமனையில் இன்றைக்கே இருக்கிறது, கைபேசி எண்களோடு. அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குள் அந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லி இணை இயக்குநருக்கு ஒரு வரி எழுதுங்கள்.